அண்ணன் காலுக்கு அல்ட்ராசவுண்ட் கருவி வாங்கி அனுப்பலாமா?

வளைகுடா நாடு ஒன்றில் வேலை பார்க்கும் 36 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் குமரி மாவட்டத்தில். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அண்ணனுக்கு 44 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழில். ஏழு மாதத்துக்கு முன்பு விடியுமுன் தோட்டத்துக்குப் போகும் வழியில் பைக் சறுக்கி விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்துவிட்டது. தோலும் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்ததாம். அன்றே ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து, எலும்புக்குள் ராடு போட்டு, மேலும் கீழும் ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள். ஆறாவது மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு இன்னும் தெரிகிறது. "எலும்பு கூடுவது மெதுவாக இருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம். இல்லையென்றால் ஒரு ஸ்க்ரூவை எடுக்க வேண்டிவரும், அதிலும் சரியாகவில்லை என்றால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் வீடே கலங்கிவிட்டது. முதல் ஆபரேஷனையே தவறாகச் செய்துவிட்டார்கள் என்று தம்பி நம்புகிறார். எலும்பு கட்டும் நாட்டு வைத்தியரான ஆசானிடம் காட்டி எண்ணெய்க் கட்டு போடலாம் என்பது அண்ணியின் யோசனை. பக்கத்து டவுனில் உள்ள ஒரு பிசியோதெரபி மையத்தில், "அல்ட்ராசவுண்ட் வைத்தால் எலும்பு கூடிவிடும், ஒரு மாதம் தினமும் வாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பி இணையத்தில் தேடி, வீட்டிலேயே தினம் 20 நிமிடம் வைத்துக்கொள்ளும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். "38 சதவீதம் வேகமாக எலும்பு கூடும்", "அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது" என்று அதன் விளம்பரம் சொல்கிறது. விலை அவருடைய நான்கு மாதச் சம்பளம்.

அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு, பீடிப் பழக்கமும் உண்டு. வலி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். ராடு வளைந்துவிடும் என்ற பயத்தில் ஏழு மாதமாக அந்தக் காலைத் தரையில் ஊன்றியதே இல்லை. கடிதம் முடியும் இடத்தில் ஒரு வரி: "பழைய காயத் தழும்புப் பக்கத்தில் எப்போதாவது லேசாக நீர் கசியும், துடைத்தால் நின்றுவிடும், அது பெரிய விஷயமில்லை." அதற்குப் பிறகு கேள்விகள். கருவியை வாங்கலாமா? உள்ளே ராடு இருக்கும்போது சூடாகாதா? கதிர்வீச்சு ஏதும் உண்டா? "ஊரில் இருந்து பார்த்துக்கொள்ள முடியாத நான் இதையாவது செய்ய வேண்டாமா, டாக்டர்?"

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணன் மேல் உங்களுக்கு இருக்கிற பாசம் வரிக்கு வரி தெரிகிறது. கருவியைப் பற்றிக் கட்டாயம் பேசுவோம். ஆனால் நீங்கள் கடைசியில், பெரிய விஷயமில்லை என்று எழுதிய அந்த வரியில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

அந்தக் கசிவுதான் பெரிய விஷயம்

தோல் கிழிந்த எலும்பு முறிவில், வெளியே இருந்த மண்ணும் கிருமியும் எலும்பு வரைக்கும் போயிருக்க வாய்ப்பு உண்டு. ஆபரேஷன் செய்தவர்கள் எவ்வளவு நன்றாகக் கழுவியிருந்தாலும் சிலருக்குக் கிருமி உள்ளேயே தங்கிவிடும். ராடு மாதிரி உலோகம் இருந்தால் அதன் மேல் படலம் மாதிரி ஒட்டிக்கொண்டு, காய்ச்சல் கூட வராமல் மாதக்கணக்கில் கிடக்கும். அது வெளியே காட்டும் ஒரே அடையாளம் சில சமயம் இப்படிப்பட்ட லேசான கசிவுதான். நின்று நின்று வருவதும், துடைத்தால் காய்ந்துவிடுவதும் அதன் இயல்பு. அதனாலேயே பலர் அதைத் தோல் பிரச்சினை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் அண்ணனுக்கு அதுதான் என்று நான் இங்கிருந்து முடிவாகச் சொல்லவில்லை. வெறும் தோல் புண்ணாகவும், வெளியே துருத்தும் ஸ்க்ரூ உரசுவதாகவும் இருக்கலாம். ஆனால் ஏழு மாதமாகியும் கூடாத எலும்பு, தோல் கிழிந்த பழைய காயம், கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று தெரியாத சர்க்கரை, அதோடு கசிவு என்று நான்கும் ஒரே காலில் இருக்கும்போது, கிருமி இல்லை என்று நிரூபிக்கும் வரை இருக்கிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். கிருமி இருக்கும் எலும்பில் எந்த அல்ட்ராசவுண்ட் கருவியும் வேலை செய்யாது. நான்கு மாதம் அதை வைத்துக் காத்திருந்தால், அந்த நான்கு மாதமும் கிருமிக்குக் கொடுத்த அவகாசம் ஆகிவிடும்.

ஆகவே முதலில் அண்ணன் இந்த வாரமே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய், கசிவு இருக்கிறது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். ஆறாவது மாதம் காட்டும்போது அவர் இதைச் சொன்னாரா என்பதே உங்கள் கடிதத்தில் இல்லை. அன்று கசிவு நின்றிருந்தால் டாக்டர் கண்ணில் பட்டிருக்காது. அடுத்த முறை கசியும்போது ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரத்தத்தில் கிருமித் தொற்றின் அறிகுறி தெரிகிறதா என்று பார்க்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு சோதனைகள், புது எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். சந்தேகம் பலமாக இருந்தால் உள்ளேயிருந்து சதைத் துணுக்கு எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அரைகுறையாக மருந்து போனால் சோதனையில் கிருமி பிடிபடாமல் போய்விடும். காய்ச்சல், கால் சிவந்து வீங்குதல், சீழ், திடீரென்று கூடும் வலி இவற்றில் ஏதாவது வந்தால் வாரக்கணக்கு பார்க்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

இரண்டு அல்ட்ராசவுண்டும் ஒன்றல்ல

இப்போது நீங்கள் கேட்ட கருவிக்கு வருகிறேன். பிசியோதெரபி மையம் சொன்னதும் நீங்கள் இணையத்தில் பார்த்ததும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெயர்தான் ஒன்று.

பிசியோதெரபியில் ஜெல் தடவி, கைப்பிடியை வட்டமாக நகர்த்திக்கொண்டே வைக்கிறார்களே, அது தசை, தசைநார் வலிக்கு வந்த கருவி. சதுர சென்டிமீட்டருக்கு அரை வாட்டிலிருந்து இரண்டு வாட் வரை சக்தி வைப்பார்கள், உள்ளே வெப்பம் உண்டாகும். எலும்பு கூடுவதற்கென்று வந்த கருவியின் சக்தி சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் மட்டுமே. ஒரு வாட்டோடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. வினாடிக்கு 15 லட்சம் அதிர்வு கொண்ட ஒலியைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக, வினாடிக்கு ஆயிரம் துடிப்பு வீதம், ஒரே இடத்தில் 20 நிமிடம் செலுத்தும். தோலில் வைத்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

அப்படியானால் சக்தி கூடிய பிசியோ கருவியை வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றலாம். அப்படி இல்லை. கூடாத எலும்பின் மேல் வெப்பம் தரும் அல்ட்ராசவுண்டை வைப்பதைப் பொதுவாகத் தவிர்க்கவே சொல்வோம். எலும்பு அந்தச் சக்தியை மிக அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு சூடாகி வலிக்கும். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடலாம். கிருமி இருக்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. எனவே ஒரு மாதம் தினமும் வரச் சொன்ன அந்த மையத்துக்கு அண்ணன் அதற்காகப் போக வேண்டாம். முட்டி, கணுக்கால் மூட்டுகள் இறுகாமல் இருக்கவும், மெலிந்த தொடைத் தசை தேறவும், ஊன்றி நடக்கப் பழகவும் பிசியோதெரபி கட்டாயம் வேண்டும். நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அவருக்கு உடற்பயிற்சியைக் கற்றுக்கொடுக்கட்டும், எலும்பு கூட்டித் தருகிறேன் என்ற வாக்குறுதி வேண்டாம்.

உங்கள் இரண்டு பயங்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இது ஒலி அலை. எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. 30 மில்லிவாட்டில் ராடு சூடாகாது. ராடு போட்டவர்களுக்கே இந்தக் கருவியை வைத்துப் பெரிய ஆய்வு நடந்திருக்கிறது, அதை அடுத்துச் சொல்கிறேன். கருவியால் உடம்புக்குக் கெடுதல் என்று சொல்ல எதுவும் இல்லை. பலன் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த 38 சதவீதம் எங்கிருந்து வந்தது?

அது பொய்க் கணக்கு அல்ல. 1994-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், உங்கள் அண்ணனுக்கு முறிந்த அதே எலும்பு முறிந்த 67 முறிவுகளைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு நிஜக் கருவி, மீதிப் பேருக்கு வேலை செய்யாத போலிக் கருவி. நிஜக் கருவி வைத்தவர்களுக்கு எலும்பு கூட சராசரியாக 96 நாள், போலிக் கருவி வைத்தவர்களுக்கு 154 நாள் ஆனது. வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 38 சதவீதம். அதே ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் புது முறிவுகளில் சிலவற்றுக்கு இந்தக் கருவியை அனுமதித்தது. 2000-ல் கூடாமல் நின்றுபோன முறிவுகளுக்கும் அனுமதி விரிந்தது.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். எல்லாம் புது முறிவு, தோல் கிழியாதவை அல்லது மிகச் சிறிதாகக் கிழிந்தவை. ஆபரேஷன் இல்லாமல் மாவுக்கட்டு மட்டும் போட்டவர்கள். உங்கள் அண்ணனோ ஏழு மாதப் பழைய முறிவு, திறந்த காயம், உள்ளே ராடு. அந்த 38 சதவீதம் இவர் காலுக்குச் சொன்ன கணக்கே இல்லை.

ராடு போட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்று அறிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 43 மருத்துவ மையங்களில், ராடு வைத்துச் சரிசெய்த இதே எலும்பு முறிவுள்ள 501 பேரிடம் ஆய்வு நடந்தது. முடிவு 2016-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. நிஜக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் வித்தியாசமே இல்லை. எலும்பு எக்ஸ்ரேயில் கூடிய நேரமும் ஒன்றுதான், நடக்கவும் வேலைக்குத் திரும்பவும் ஆன காலமும் ஒன்றுதான். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் கருவி தயாரித்த நிறுவனமும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு, அதுவரை வந்த 26 ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர்களும் நோயாளிகளும் அடங்கிய ஒரு குழு, எலும்பு முறிவுக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது.

கூடாமல் நின்ற பழைய முறிவுகளில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. கருவி வைத்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கூடியது என்று சொல்லும் தொகுப்புகள் இருக்கின்றன. ஆனால் கருவி வைக்காத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த நல்ல ஆய்வுகள் மிகக் குறைவு. மெதுவாகக் கூடும் எலும்புகளில் ஒரு பங்கு, எதுவும் செய்யாமலே தாமதமாகக் கூடிவிடும். அந்தப் பங்கும் கருவியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான், எந்தச் சிகிச்சையை எப்போது பயன்படுத்தலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018-ல் எச்சரிக்கையோடு பேசியது. நன்றாகக் கூட வாய்ப்புள்ள புது முறிவுக்கு இது வேண்டவே வேண்டாம் என்றது. கூடாமல் நிற்கும் முறிவுக்கு, ஆதாரம் போதாது என்பதை நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, முடிவுகளைப் பதிவு செய்யும் ஏற்பாட்டோடு மட்டுமே பயன்படுத்தலாம் என்றது.

அங்கீகாரம் என்ற வார்த்தையைப் பார்த்து நீங்கள் நம்பியதில் தப்பில்லை. ஆனால் அங்கீகாரம் கிடைத்த பிறகு வந்த ஆய்வுகளை எந்த விளம்பரமும் சொல்லாது.

எலும்பு ஏன் கூடவில்லை என்ற கேள்வி

இந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் யாரும் கேட்டதாகக் கடிதத்தில் தெரியவில்லை. எதை வைத்தால் கூடும் என்றே எல்லாரும் யோசிக்கிறீர்கள். ரப்பர்க் கன்றில் ஒட்டு கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டு ஆடினாலோ, உள்ளே தண்ணீர் இறங்கி அழுகினாலோ ஒட்டு பிடிக்காது. அப்போது உரத்தைக் கூட்டிப் போட்டுப் பயனில்லை, ஆடுகிறதா அழுகுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எலும்பும் அப்படித்தான்.

முறிந்த இடம் அளவுக்கு மீறி அசைந்தால் புது எலும்பு நிறைய வளர்ந்தும் பாலம் போடாமல் நிற்கும். இரத்த ஓட்டம் போதாவிட்டால் புது எலும்பே வளராது. இரண்டு துண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ராடே அவற்றைத் தள்ளி நிறுத்திவிடும். கிருமி இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. இதில் எது என்பதைப் பொறுத்து வைத்தியம் அடியோடு மாறும். உங்கள் டாக்டர் ஸ்க்ரூவை எடுக்கலாம் என்று சொன்னதற்குக் காரணம் இதில் இருக்கிறது. ராடின் ஒரு முனையில் உள்ள ஸ்க்ரூவை எடுத்துவிட்டால், ஊன்றும்போது உடம்பு எடை இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று அழுத்தும். சின்ன ஆபரேஷன்தான். இன்னொரு வழி, உள்ளே இருக்கும் ராடை எடுத்துவிட்டு, எலும்புக் குழாயைச் சுரண்டி, அதைவிடத் தடிமனான ராடு போடுவது. இடைவெளி இருந்தாலோ புது எலும்பே வளராமல் இருந்தாலோ இடுப்பு எலும்பிலிருந்து எடுத்து வைப்பார்கள். கிருமி உறுதியானால் முறையே வேறு, முதலில் ராடை எடுத்துச் சுத்தம் செய்து கிருமியை ஒழித்துவிட்டுத்தான் எலும்பைப் பற்றி யோசிக்க முடியும்.

முதல் ஆபரேஷன் தவறு என்று நீங்கள் எடுத்துக்கொண்டதை நான் ஏற்க மாட்டேன். திறந்த காயத்தோடு முறியும் இந்த எலும்பு, உடம்பிலேயே தாமதமாகக் கூடும் எலும்புகளில் ஒன்று. முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே கிடக்கும், சதைப் போர்வை கிடையாது, இரத்த ஓட்டமும் குறைவு. ஆபரேஷனை ஒழுங்காகச் செய்தாலும் ஒரு பங்கு ஆட்களுக்கு இரண்டாவது சிகிச்சை தேவைப்படும். ஒன்பது மாதம் ஆகி, கடைசி மூன்று மாதம் எந்த முன்னேற்றமும் இல்லாமல் இருந்தால்தான் கூடாமல் நின்றுவிட்டது என்று பொதுவாகச் சொல்வோம். உங்கள் அண்ணன் இன்னும் தாமதம் என்ற கட்டத்தில் இருக்கிறார். இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னது அலட்சியம் இல்லை. கசிவைப் பற்றித் தெரிந்திருந்தால் மட்டும் அவர் அப்படிக் காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, அண்ணன் கையில் இருப்பது என்ன?

பீடியில் இருந்து தொடங்குகிறேன். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடாமல் போகும் ஆபத்து புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நிக்கோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும், இரத்தம் குறைவாகவே போகும் ஒரு எலும்புக்கு அதையும் பறித்துக்கொள்ளும். குறைத்துவிட்டேன் என்பது போதாது, நிறுத்த வேண்டும். இந்த ஒரு காரியம் எந்தக் கருவியையும்விடப் பெரிய உதவி என்று எனக்கு உறுதியாகத் தெரியும். இதை அண்ணியோ டாக்டரோ சொல்வதைவிட, வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் தம்பி சொன்னால் கேட்பார். தினமும் ஃபோனில் பேசும்போது அதட்டாமல் கேளுங்கள்.

சர்க்கரைக்குக் காலையில் ஒரு தடவை குத்திப் பார்ப்பது போதாது. மூன்று மாதச் சராசரி சோதனை எடுக்க வேண்டும். அது உயர்ந்திருந்தால் எலும்பும் மெதுவாகும், கிருமியும் வளரும், இரண்டாவது ஆபரேஷன் செய்தாலும் புண் ஆறுவது சிரமம். கூடவே வைட்டமின் டி அளவும் பார்த்துவிடட்டும். வெயிலில் வேலை செய்தவர்தானே என்று விட வேண்டாம், ஏழு மாதமாக வீட்டுக்குள் கிடக்கிறார். சாப்பாட்டில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சோறும் மட்டும் வயிற்றை நிறைக்கக் கூடாது. சாளை, நெத்திலி, முட்டை, பயறு, பால் என்று புரதம் தினமும் இருக்க வேண்டும். நம் கடலோர மாவட்டத்தில் சாளையைவிட மலிவான எலும்பு உணவைத் தேடிப் போக வேண்டியதில்லை. சர்க்கரைக்காரருக்கு மரச்சீனியைக் குறைத்து மீனைக் கூட்டுவது இரண்டு பக்கமும் லாபம்.

வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை நீண்ட நாள் போட்டால் எலும்பு கூடுவதைத் தாமதிக்கலாம் என்ற சந்தேகம் மருத்துவத்தில் வெகு காலமாக உண்டு. அது முழுதாக நிரூபணமாகாவிட்டாலும், சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்கு அவை கெடுதல் என்பதில் சந்தேகமே இல்லை. வலி எதற்கு வருகிறது என்று டாக்டர் தெரிந்துகொள்வதும் முக்கியம்.

அப்புறம் ஊன்றாமல் இருப்பது. ராடு போடுவதே ஊன்றி நடக்க வைப்பதற்குத்தான். அளவான எடை எலும்பில் இறங்குவது புது எலும்பு வளரத் தூண்டும். காலைத் தொங்கவிட்டே வைத்திருந்தால் எலும்பு மெலியும், தசை வற்றும், மூட்டு இறுகும். எப்போது, எவ்வளவு எடை இறக்கலாம் என்று ஆபரேஷன் செய்தவரிடம் நேராகக் கேட்டு, அவர் சொன்ன அளவை மீறாமல் தொடங்க வேண்டும். அவர் சொல்லாமல் தானாக ஊன்ற வேண்டாம்.

ஆசானைப் பற்றி அண்ணியிடம் இப்படிச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் வர்ம வைத்தியத்துக்கும் எலும்பு கட்டும் ஆசான்களுக்கும் பெரிய மரபு உண்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்தக் காலில் உள்ளே உலோகம் இருக்கிறது, கசிவு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. தழும்பின் மேல் எண்ணெய் தேய்த்துப் பிழிவதும், இறுகக் கட்டுவதும் கிருமியைப் பரப்பலாம், இரத்த ஓட்டத்தை அடைக்கலாம். பொறுப்புள்ள ஆசான் யாராக இருந்தாலும் ராடு போட்டு நீர் கசியும் காலை எக்ஸ்ரே பார்க்காமல் தொட மாட்டார். கஷாயம் ஏதாவது குடித்தால் சர்க்கரை மாத்திரையோடு சேருமா என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உரிமையும் பணமும்

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது அண்ணனின் உரிமை, அதற்கு முதல் டாக்டரிடம் வருத்தமோ பயமோ தேவையில்லை. ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவிலேயே காட்டலாம். சிக்கலான முறிவு என்று அவர்கள் நினைத்தால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் நம் ஊர்க்காரர்கள் போவது வழக்கம்தான். எங்கே போனாலும் கையில் ஆதாரம் வேண்டும். ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா எக்ஸ்ரேக்களும், போட்ட ராடின் விவரமும் கேளுங்கள். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. ஃபோனில் எடுத்த எக்ஸ்ரே படத்தை மட்டும் காட்டி முடிவு கேட்க வேண்டாம். மெல்லிய முறிவுக் கோடு அதில் மறைந்துவிடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் உண்டு. இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டால், அது திட்டத்தின் பட்டியலில் வருமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

கருவியை எந்த நிலையிலும் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிருமி இல்லை என்று சோதனை சொல்லி, எலும்பு நேராக, ஆடாமல் இருந்து, இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்து, இன்னொரு ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது என்றோ அண்ணன் மனதார மறுத்தோ இருந்தால், அறுவை டாக்டர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால், சில மாதம் முயன்று பார்க்கலாம். அப்போதும் வாங்குவதைவிட வாடகைக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பில், உத்தரவாதம், திருப்பித் தரும் நிபந்தனை எல்லாம் எழுத்தில் வேண்டும். தினம் 20 நிமிடம் விடாமல் வைக்க வேண்டும், இரண்டு மாதத்தில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். "நிச்சயம் கூடும்" என்று உறுதி கொடுத்து விற்பவரிடம் அந்த உறுதியை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வாங்க வேண்டாம். எழுதித் தந்து ஏமாற்றினால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அந்தக் காகிதம் உதவும்.

இப்போதைக்கு அந்த நான்கு மாதச் சம்பளத்தை அப்படியே வைத்திருங்கள். சோதனைகளுக்கும், போக்குவரத்துக்கும், பால்வெட்டுக் கூலி இல்லாமல் நடக்கிற வீட்டுச் செலவுக்கும் அது வேண்டியிருக்கும். ஊரில் இல்லாத நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் அண்ணியின் ஃபோனில் நீங்களும் இருங்கள், டாக்டர் அனுமதித்தால். கிருமி இருக்கிறதா, ராடு ஆடுகிறதா, இடைவெளி எவ்வளவு, எப்போது ஊன்றலாம் என்ற நான்கு கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். பதட்டத்தில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் பாதி கேள்வி மறந்துபோகும்.

இன்றே அண்ணியிடம் பேசி டாக்டரைப் பார்க்கும் நாளைக் குறியுங்கள். பழைய ஃபைலோடு சர்க்கரை மாத்திரைச் சீட்டையும், இதுவரை வாங்கிய வலி மாத்திரை அட்டைகளையும் பையில் வைக்கச் சொல்லுங்கள். சோதனை முடிவுகள் வந்ததும் அவற்றோடு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். கருவி வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தக் காகிதங்களை வைத்துப் பேசுவோம்.